ஒரே விலாசத்தில் இரண்டு சர்வர்

சர்வர் குடிமாற்றும் தொழிலில் வேலை ஒழுங்காக முடிந்தால் நாம் வந்துபோனதே யாருக்கும் தெரியாது. என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

மூன்று மணி நேரம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். ஒரே கம்ப்யூட்டர் பெட்டிக்குள், ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துவைத்துக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் மூன்று சர்வர்கள்; மூன்றும் மென்பொருளாலேயே ஆனவை, கண்ணுக்குத் தெரியாத ஒண்டுக்குடித்தனம். அவற்றைத் தாங்கிய மென்பொருள் பழசாகிவிட்டது. புதுப் பெட்டியில், வேறு கம்பெனி மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். தனியாகத் தொழில் ஆரம்பித்த எனக்கு இதுதான் முதல் வேலை; சந்தோஷத்தில் காலையில் இட்லி இறங்கவில்லை. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை நிலையம் மூடியிருக்கும். சாவியைக் கொடுத்த டாக்டரம்மா சொன்னார்: "நாலு மணிக்கு ரிப்போர்ட் வரலைன்னா ஜனங்க உங்களைக் கேக்க மாட்டாங்க, என்னைத்தான் கேப்பாங்க."

மூன்றே முக்கால்

கடைசி சர்வரும் புது இடத்தில் கண் விழித்தது. பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்து பார்த்தேன், எல்லாம் பத்திரம். ஆளில்லாத அறையில் நானே கை தட்டிக்கொண்டேன். பேட்டரி இனிப் புதுப் பெட்டிக்கு என்பதால், பழைய பெட்டியின் வயரை அதிலிருந்து கழற்றிச் சுவர் பிளக்கில் செருகி, பெட்டியை அணைத்துவைத்தேன். வயரை மட்டும் பிடுங்கவில்லை. ஏதாவது என்றால் திரும்பிப் போக வழி வேண்டுமே.

நாலு மணிக்கு முதல் ரிப்போர்ட் அச்சாகி வந்தது. கவுண்டரில் இருக்கும் ஜமீலா கேட்டார்: "என்ன சார் மாத்துனீங்க? எல்லாம் அப்படியேதானே இருக்கு?"

கரண்ட் போய் வந்தது

நாலரைக்குக் கரண்ட் போய், உடனே வந்தது. கரண்ட் வந்தால் தானாக எழுந்துகொள்ளும்படி பழைய பெட்டியில் யாரோ எப்போதோ செட்டிங் வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்க்கவே இல்லை. அது எழுந்து, தன் மூன்று சர்வர்களையும் எழுப்பிவிட்டது. பழைய சர்வருக்கும் புதியதற்கும் நெட்வொர்க்கில் ஒரே விலாசம்; கவுண்டர் கம்ப்யூட்டருக்கு இப்போது பதில் சொன்னது பழையதுதான். அதற்கு மதியத்துக்கு மேல் நடந்த எதுவும் தெரியாது.

அந்த நேரம் பார்த்துக் காட்டூரிலிருந்து ஒருவர் வந்தார். மறுநாள் அவர் மனைவிக்கு ஆபரேஷன். ஐந்து மணிக்குள் ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டும். ஜமீலா தேடிப் பார்த்துவிட்டு, "சார், நாலு மணிக்கு மேல ஏத்துன ரிசல்ட் ஒண்ணுகூட காணோம்" என்றார். உள்ளே ஓடினேன். பழைய பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வயரைப் பிடுங்கினேன். இரண்டு நிமிஷத்தில் ரிப்போர்ட் வந்தது. அவர் வாங்கிக்கொண்டு கிளம்பினார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா கேட்டார்: "அது மறுபடியும் எழுந்துக்காதே?"

எழுந்துகொள்ளாது, ஏனென்றால் அந்தப் பெட்டியின் வயர் அன்றிலிருந்து என் பையில்தான் இருக்கிறது.