டிரைவர் மாமாவின் தமிழ்

குவைத்திலிருந்து ஊருக்கு வந்த அந்த விடுப்பில், அப்பாவின் பெட்டியில் பாதி மற்றவர்களுடையது. கூட வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கு இரண்டு கிலோ என்று கொடுத்தனுப்புவார்கள். பால்பொடி டின், சோப்பு, தைலம். ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் ஒரு வீட்டு முகவரி. இராஜபாளையம் வந்த முதல் வாரம் அப்பாவுக்கு அவற்றைக் கொண்டுசேர்ப்பதிலேயே போய்விடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பொட்டலத்துக்கு மட்டும் நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். அது டிரைவர் மாமாவுடையது.

அவர் அப்பாவின் கம்பெனியில் வண்டி ஓட்டினார். தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. இராஜபாளையத்தில் பல வீடுகளில் அப்படித்தான். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், லிஃப்டில் அரபியில் நாலு வார்த்தை. தமிழ் எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும் கிடைத்தது, அவர் ஒருவரிடமிருந்து. பேசத் தொடங்குமுன் தொண்டையை லேசாகச் செருமுவார். எதைச் சொன்னாலும் கடைசியில் “கேட்டியா” என்று முடிப்பார். தமிழ் என்றால் செருமலோடு தொடங்குவது என்றே நான் நம்பியிருந்தேன்.

அவருக்கு என் வயதில், ஒன்பது வயதில், ஒரு மகள் இருந்தாள். இரண்டு முறை விடுப்பு தள்ளிப்போனதால் நாலு வருஷமாக அவர் ஊருக்குப் போகவில்லை. நாங்கள் கிளம்பும் வாரம் என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், ஒரு மஞ்சள் கவுனை என் முதுகில் வைத்து அளவு பார்த்தார். “ஒங்க ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போகும், கேட்டியா” என்றார்.

அந்த வாக்கியத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன். குவைத்தில் எங்கள் மாடியில் என் வயதில் யாரும் இல்லை. இராஜபாளையத்தில் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் என் தெலுங்கில் இந்தி கலந்திருப்பதைக் கேட்டுச் சிரித்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். என்னோடு ஒத்துப்போக ஒருத்தி இருக்கிறாள் என்பது ஒரு முழு விடுப்புக்கும் போதுமான செய்தி.

டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். தேர் நிற்கும் தெருவைத் தாண்டி ஒரு சந்தில் வீடு. மாமாவின் மனைவி பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு என்னைப் பார்த்து, “மாமா எப்படி இருக்காவ?” என்று கேட்டார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “நல்லா இருக்காவ அத்தை. நேரத்துக்குச் சாப்பிடுதாவ. சும்மா கெடந்து வெசனப்படாதீங்கன்னு சொல்லச் சொன்னாவ, கேட்டீயளா.”

அத்தையின் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பு அப்படியே நின்றது. “இன்னொருக்கா சொல்லு” என்றார். சொன்னேன். சிரிக்கத் தொடங்கினார். “அவிய செருமுதது கூட அப்படியே இருக்கே.” பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏட்டி, வெரசலா வா. ஒங்கப்பா பேசுதாவ.”

அவள் ஓடிவந்தாள். வந்ததும் முதலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த போனைத்தான் பார்த்தாள். அது அணைந்திருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் என்னை.

என்னைவிட ஒரு தலை உயரமாக இருந்தாள்.

“ஏட்டி, எம்புட்டு நேரமா ஒன்னயத் தேடுதேன்” என்றேன். வெள்ளிக்கிழமைகளில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாமா என்னிடம் சொல்வது. அத்தையும் அப்பாவும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தமிழ் போதவில்லை போலிருக்கிறது என்று, எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் எடுத்துவைத்தேன். மாமா கடற்கரைக்குக் கூட்டிப்போவார். ஆரஞ்சுப் பழத்தைத் தோல் அறாமல் உரித்துத் தருவார். நான் சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவருவார்.

“எங்கப்பா ஒனக்கு சைக்கிள் பிடிச்சாரா?” என்று கேட்டாள்.

“ஆமா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை.”

அத்தை பொட்டலத்தைப் பிரித்துக் கவுனைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தோள் பிடித்தது, முதுகில் ஜிப் பாதியோடு நின்றுவிட்டது. வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுகிறவர்தான் மாமா. ஆனால் போனில் முகம் தெரியும், உயரம் தெரியாது.

“எனக்கு வச்சுப் பாத்துதான் எடுத்தாவ” என்றேன், உதவியாக.

அவள் உள்ளே போய்க் கழற்றி, மடித்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “அப்ப ஒனக்குத்தான் சரியா இருக்கும்” என்றாள்.

“என்ன பேச்சு இது, ஏட்டி” என்று அத்தை அதட்டிக் கவுனை எடுத்துக்கொண்டார். அவள் மறுபடி வெளியே வரவில்லை. நாங்கள் கிளம்பும்போது அத்தை என் கன்னத்தைத் தொட்டு, “மாமாட்ட அளவெடுத்துத் தச்சாப்பல இருந்துச்சுன்னு சொல்லிரு தாயி. கேக்காம இருக்கமாட்டாவ” என்றார்.

பஸ்ஸில் அப்பாவிடம், அவள் ஏன் என்னோடு பேசவில்லை என்று கேட்டேன். கூச்சமாக இருக்கும் என்றார் தெலுங்கில். நான் நம்பவில்லை. என் தமிழில்தான் ஏதோ கோளாறு என்று தீர்மானித்துக்கொண்டேன். மீதி விடுப்பில் யாரிடமும் தமிழ் பேசவில்லை. சித்தப்பா வீட்டு மாடியில் உட்கார்ந்து, மில் ஷிப்ட் முடிந்து வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குவைத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை மாமா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். கவுனைப் பற்றிக் கேட்டார். அளவெடுத்துத் தைத்தாற்போல இருந்தது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

“பொறவு? அவ என்ன சொன்னா?”

தட்டில் கை வைக்காமல் காத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதையாவது அவள் சொல்லியிருக்க வேண்டும். செருமிக்கொண்டேன்.

“எப்பா, செத்த வெரசலா வந்து சேருங்க. எம்புட்டு நாளைக்குத்தான் நாங்களும் பாத்துக்கிட்டே இருக்கது, கேட்டீயளான்னு சொன்னா மாமா.”

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா சார். போனுல ‘ம்’, ‘சரி’ன்னு ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்டா. ஆனா அப்படியே எம் பேச்சுதான் எம் மகளுக்கு.”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மாமா என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது தடவை இன்னும் நன்றாகவே சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இங்கேயாவது ஒருவருக்கு என் தமிழ் பிடித்திருக்கிறதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.