உடைந்த பேத்தை மீன்கள்

2006இல் ஒரு காலை, நெடுந்தீவிலிருந்து வந்த எங்கள் படகைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கடற்படையினர் சோதித்தார்கள்.

என் கையிலிருந்த பெட்டி, மண் சிற்பங்கள் செய்யும் மெர்சியுடையது. அவளுடைய தாய் நெடுந்தீவுத் தமிழர், தந்தை நீர்கொழும்புச் சிங்களவர். முள் விரித்து ஊதிய பேத்தை மீன்களைக் களிமண்ணில் செய்து சுட்டு, கொழும்புக் கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். "கவனமா வச்சிருங்கோ மாஸ்டர், முள்ளு உடைஞ்சிடும்" என்று, பள்ளி ஆசிரியரான என்னிடம் அவள்தான் தந்திருந்தாள்.

பெட்டியைத் திறந்த சிப்பாய் பின்வாங்கினான். உருண்டையாக, கைக்குண்டுகள் போலத்தான் இருந்தன.

"என்னுடையவை. மீன்கள்" என்றாள் அவள், சரளமான சிங்களத்தில். அடையாள அட்டையில் தந்தைவழிச் சிங்களப் பெயர், வந்ததோ தமிழர் தீவிலிருந்து. அவன் சந்தேகம் கூடியது. துப்பாக்கியை உயர்த்தி என்னிடம் கேட்டான்: "இவளைத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அன்று காலை எங்கள் குசினியில் தேநீர் குடித்தவள் அவள்.

மெர்சி ஒரு மீனை எடுத்துச் சீமெந்துத் தரையில் போட்டாள். உள்ளே ஒன்றுமில்லை. "எல்லாவற்றையும்" என்றான் சிப்பாய். ஒவ்வொன்றாக உடைத்தாள்.

எங்களைப் போகவிட்ட பிறகு, பேருந்தில் என் அருகில் வந்து அமர்ந்தாள்.

"பயந்திட்டன் பிள்ளை" என்றேன்.

"நானும் பயந்தனான் மாஸ்டர். ஆனா என்னைக் கேட்டிருந்தா, உங்களைத் தெரியுமெண்டுதான் சொல்லியிருப்பன்."

அதன்பின் அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. வழியில் கண்டால் மட்டும், இன்றும் முதலில் தலையசைப்பவள் அவள்தான்.