தும்பிக்காரனின் கடைசிப் பாகம்

தும்பிக்காரனின் குரல் ஒரு சனிக்கிழமை காலையில் திடீரென்று மாறிப்போனது. அதுவரை பாரிஸ் பிரெஞ்சில் மிக நாசூக்காகப் பேசிவந்தவன், அன்றைக்கு எங்கள் தெருமுனை டெப்பனர் கடைக்காரரைப் போலப் பேசத் தொடங்கினான். கம்பளத்தில் குப்புறப் படுத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜப்பானில் பிறந்த வீரன் ஒருவன் மொன்ட்ரியால்காரனாகிவிட்டதில் எனக்கு உண்டான பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அவன் ஒரு சாதாரண பள்ளிக்கூட மாணவன். ஆபத்து வரும்போது மட்டும் முதுகில் நான்கு சிறகுகளும் தலையில் பெரிய கண்கள் வைத்த கவசமும் முளைக்கும். அந்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில் அவனுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அப்பா ஒரே ஒரு நாள் எட்டிப்பார்த்துவிட்டு, "என்ன, தும்பிக்காரன் வந்திட்டானா?" என்று கேட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவன் தும்பிக்காரன்தான்.

குரல் மாறியதன் காரணம் எனக்குத் தெரிய வந்தது பல வருடங்களுக்குப் பிறகு. ஜப்பானில் தொடர் முழுவதும் ஓடி முடிந்திருந்தது. பிரான்சில், பிற்பகுதி சிறுவர்களுக்கு ஆகாது என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தை எங்கள் ஊர்த் தொலைக்காட்சி ஒன்று வாங்கி, இங்குள்ளவர்களையே குரல் கொடுக்க வைத்திருந்தது. வாங்கியதோடு சரி, அதை நடத்திய விதம் வேறு. சனி எட்டு மணிக்கு இருந்ததை ஞாயிறு ஆறு மணிக்கு மாற்றினார்கள். பிறகு இரண்டு மாதம் ஆளையே காணவில்லை. கோடையில் முதலாம் பாகத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். நடுவில் இரண்டு பாகங்களை முன்பின்னாகப் போட்டதில், ஒரு கிழமை செத்துப்போன வில்லன் அடுத்த கிழமை சிரித்துக்கொண்டு வந்தான். அதை நான் கதையின் ஆழம் என்று எண்ணிக்கொண்டேன்.

கடைசியில் ஒருநாள், வருகிற சனிக்கிழமை பத்தரைக்கு இறுதிப் பாகம் என்று அறிவித்தார்கள். அதே சனிக்கிழமை மத்தியானம் பியர்பொன்ட்ஸில் மாமாவின் மகளுக்குப் பிறந்தநாள். எங்களிடம் கார் இல்லை. நாங்கள் இருந்த லாசாலிலிருந்து மூன்று பஸ் மாறிப் போகவேண்டும் என்பதால் பத்து மணிக்கே இறங்கியாக வேண்டும். நான் வயிற்றுவலி என்றேன். அம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டையை எடுத்துக் கையில் தந்தார். "அவன் எங்கயும் ஓடமாட்டான், பேந்து திரும்பப் போடுவாங்கள்" என்றார் அப்பா. அந்தத் தொலைக்காட்சியை அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஊரெல்லாம் டிவிடிக்கு மாறிய பிறகும் எங்கள் வீட்டில் பழைய வீடியோ டெக்தான் இருந்தது. அதில் நேரம் குறித்து, ஆள் இல்லாதபோதும் பதிவாகும்படி செய்ய வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் என்னுடைய இரண்டு கசெற்றுகளும் தும்பிக்காரனாலேயே நிரம்பியிருந்தன. வேறு கசெற் தேடி அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். சேலைகளுக்குக் கீழே ஒன்று கிடைத்தது. மேலே எதுவும் எழுதவில்லை. எழுதாத கசெற் வெறும் கசெற் என்று முடிவுகட்டினேன்.

டெக் அதை ஏற்கவில்லை. பதிவுக்கு நேரம் குறித்தவுடன் வெளியே துப்பியது. எடுத்துப் பார்த்தேன்: முதுகுப்பக்கத்தில் இருக்கவேண்டிய சிறிய பிளாஸ்டிக் துண்டை யாரோ உடைத்திருந்தார்கள். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். ஒட்டினேன். ஏமாந்தது. பிறந்தநாள் வீட்டில் நான் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு, மிகவும் சமர்த்தாக இருந்தேனாம். மாமி அம்மாவிடம் சொல்லிப் பாராட்டினார்.

திரும்பி வந்தபோது மாலை ஐந்து மணி. சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கசெற்றைப் பின்னோக்கி ஓடவிட்டுப் போட்டேன். எல்லாம் பதிவாகியிருந்தது. தும்பிக்காரன் கடைசிச் சண்டையில் சாகவில்லை. சிறகுகள் நான்கும் பிய்ந்து, நடந்தே வீட்டுக்குப் போய், குளிர்ப்பெட்டியைத் திறந்து, நின்றபடியே பழைய சோற்றைச் சாப்பிட்டான். அவனுடைய தாய் உள்ளேயிருந்து, வீட்டுப்பாடம் செய்துவிட்டாயா என்று கேட்டாள். அவ்வளவுதான் முடிவு. எனக்கு அழுகை வந்தது. பாட்டு முடிந்தது, பனிக்கால டயர் விளம்பரம் ஒன்று வந்தது, பிறகு படம் ஒருமுறை நடுங்கி, வேறொன்றாக மாறியது.

வெயில் கொட்டும் ஒரு முற்றம். வெள்ளைத் துணி கட்டிய பந்தல். பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள் தலையைக் குனிந்தபடி இருந்தார்கள். வாசலில் பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் பறைச் சத்தம் தூரமாகிப் போய்க்கொண்டிருந்தது. யார் வீடு என்று எனக்குப் புரியவில்லை. பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"இத எங்கயிருந்து எடுத்தாய்?"

"அலமாரியில."

மட்டக்களப்பில் என் அம்மப்பா, அம்மாவின் தகப்பன், இறந்தபோது எனக்கு ஏழு வயது. அகதி வழக்கு முடியாததால் அம்மாவால் போக முடியவில்லை. செத்தவீட்டை வீடியோ எடுத்து, இங்குள்ள டெக்கில் ஓடும்படி மாற்றி, யாரோ கையில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். இதெல்லாம் அப்பா சத்தம் போட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. "ஒருத்தரும் அழிக்கக் கூடாதெண்டுதானே அந்தத் துண்ட உடைச்சு வெச்சது!" என்று அப்பா கத்தினார். அழிந்துபோன நாற்பது நிமிடத்தில்தான் அம்மப்பாவைக் குளிப்பாட்டியதும், வேட்டி கட்டியதும், ஒவ்வொருவராக வந்து முகம் பார்த்ததும் இருந்தன. மிஞ்சியது அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு எடுத்தது மட்டும்.

"விடுங்க. அவள் சின்னப் புள்ள" என்றார் அம்மா.

அவர் எனக்குப் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார்ந்து மிச்சத்தைக் கடைசிவரை பார்த்தார். பெண்கள் முற்றத்தைக் கழுவினார்கள். யாரோ தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். இரண்டு பையன்கள் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். திரை நீலமானதும் அம்மா என் பக்கம் திரும்பி, "அந்தத் தும்பிக்காரன் கடைசியில என்ன ஆனான் மகள்?" என்று கேட்டார்.

தப்பிவிட்டேன் என்று தெரிந்த சந்தோஷத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இடையிடையே கேள்வி கேட்டார். சிறகு போனது நோகாதா, தாய்க்கு ஒன்றும் தெரியாதா என்றெல்லாம். பிறகு கசெற்றைப் பின்னோக்கி ஓடவிட்டு, அந்தப் பாகத்தை முதலிலிருந்து முழுவதும் பார்த்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவாகத் தெரியாது. அம்மாவும் தும்பிக்காரனின் ஆள் ஆகிவிட்டார் என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அந்தத் தொடர் டிவிடியாக வந்தபோது பிரான்ஸ் பகுதி மட்டும்தான் வந்தது. இப்போது இணையத்தில் முழுவதும் கிடைக்கிறது, ஆனால் புதுக் குரல்களில். மொன்ட்ரியால் குரலில் ஓடிய இறுதிப் பாகம் எவரிடமும் இல்லை என்று, என் வயதுக்காரர்கள் பலர் இணையத்தில் அதைத் தேடுவதைப் போன மாதம் கண்டேன். என்னிடம் இருக்கிறது என்று எழுதும் முன் அம்மாவிடம் கேட்கப் போனேன். அம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

"குடன். சனம் ஆசையாத் தேடுதெண்டா குடு" என்றார்.

இத்தனை வருடமாகக் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன்: "அம்மா, அழிஞ்சுபோன பகுதிய நீங்க அதுக்கு முதல் எத்தின தரம் பாத்தனீங்க?"

அம்மா கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"பாக்கல்ல. போடுவன், நிப்பாட்டுவன். ஒருநாளைக்குப் பாப்பம் எண்டு வெச்சிருந்தன்."

ஒன்பது வயதில் நான் நினைத்தேன், அம்மாவுக்குக் கதை பிடித்துவிட்டது, அதனால்தான் முடிவைக் கேட்கிறார் என்று. தன் தகப்பனுடைய முகம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று அவர் கேட்டது எனக்கு விளங்கவில்லை.