ஸ்ரீவத்சனின் கட்டைவிரல்

ஸ்ரீவத்சன் தி.நகரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போட்டுக்கொடுக்கிறவன். வயது ஐம்பத்தொன்று. பகலெல்லாம் ஊரில் இருக்கிறவர்களைத் திருப்பதிக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவைப்பான். தான் மட்டும் சென்னையைத் தாண்ட மாட்டான். சாயங்காலமானால் ரெகே என்கிற ஜமைக்கா நாட்டுப் பாட்டு பாடுவான். சித்திரக்குளம் பக்கத்தில் பிறந்து, ஏழு வயதிலிருந்து பாட்டு கிளாஸ் போய், ஒழுங்காக வர்ணம், கீர்த்தனை எல்லாம் கற்றவனுக்கு ஜமைக்காவோடு என்ன சம்பந்தம் என்று கேட்டால், "அரையிடம்" என்பான். நம் கீர்த்தனைகளில் எத்தனையோ, தாளம் விழுந்து அரையிடம் தள்ளித்தான் ஆரம்பிக்கின்றன. ரெகே கிதாரும் அடி விழுகிற இடத்தில் சும்மா இருந்துவிட்டு இடைவெளியில்தான் வெட்டும். "ரெண்டும் ஒரே ஆத்துப் பசங்கடா" என்பது அவன் கட்சி. இதைக் கேட்டுவிட்டு அவன் அப்பா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நான் உமர் ஃபாரூக். கச்சேரி ரோட்டில் எங்களுக்குக் கார் சீட் கவர் தைக்கும் கடை. மற்ற நேரத்தில் கல்யாண ரிசப்ஷன்களில் மெல்லிசைக் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கே டிரம்ஸ்காரன் வேலை, முதல் அடியில் ஓங்கி ஒன்று போடுவது. போடாவிட்டால் பாடகர் திரும்பி முறைப்பார். 1996இல் வத்சன் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கடையில் போட்டான். பாப் மார்லி, ரெகேவை உலகமெல்லாம் கொண்டுபோன ஜமைக்காக்காரர். அதில் டிரம்ஸ்காரர் முதல் அடியை அப்படியே காலியாக விட்டுவிட்டு, மூன்றாவதில் போய்த் தொப்பென்று இறக்குகிறார். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அடிக்காமல் விடுவதும் வாசிப்புதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வருடமே 'கச்சேரி ரோடு ரூட்ஸ்' என்று குழு ஆரம்பித்தோம். வருடா வருடம் பிப்ரவரி ஆறாம் தேதி, மார்லியின் பிறந்தநாளன்று, பெசன்ட் நகரில் ஏதாவதொரு காபி கடையில் எங்கள் கச்சேரி நடக்கும்.

பாட்டை எடுத்துக்கொண்டவன் பாட்டோடு நிறுத்தியிருக்கலாம். வத்சன் ஆளையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். மார்லிக்கு மனைவி உண்டு. வேறு பெண்களிடம் பிள்ளைகளும் உண்டு. அந்த மனைவி அவருக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடிக்கொண்டும் இருந்தார். ஊரறிந்த சங்கதி. வத்சனும் எங்கள் குழுவில் கோரஸ் பாடவந்த ஒரு பெண்ணோடு பாலவாக்கத்தில் வீடெடுத்து ஒரு வருடம் இருந்தான். அவன் மனைவி நீரஜாவின் கையில் அப்போது குழந்தை. நான் சண்டை போட்டதற்கு, "பெரிய மனுஷாளுக்கே இதெல்லாம் இருந்திருக்குடா" என்றான். பெரிய மனுஷனின் குரலை எட்டிப்பிடிக்க இருபது வருடம் சாதகம் பண்ண வேண்டும். குறையைப் பிடிக்க ஒரு மத்தியானம் போதும். அந்தப் பெண் துபாய்க்கு வேலை கிடைத்துப் போய்விட்டாள், இவன் பெட்டியோடு மயிலாப்பூருக்குத் திரும்பினான். நீரஜா ஏன் அவனை உள்ளே விட்டாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், புத்தி உள்ளவள்.

இன்னொன்றும் உண்டு. மேடையில் வெறுங்காலோடுதான் பாடுவேன் என்று அவனுக்கு ஒரு விரதம். மண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டுமாம். "போட்டோல மார்லியே பூட்ஸ் போட்டுக்கினுதான் கீறாரு மச்சி" என்று சொல்லிப்பார்த்தேன். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம் ஆனவன் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்று அவனுக்கும் தெரியும். தெரிந்ததையெல்லாம் செய்கிற வழக்கம் அவனிடம் இல்லை.

போன டிசம்பரில் ஒத்திகை முடிந்து இரண்டு பேரும் லஸ் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். அவன் வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே பத்தடி போய்விட்டான். கால் மரத்துப்போயிருக்கிறது என்று எனக்கு அப்போதே உறைத்தது. செருப்பை எடுத்துவந்து அவன் முன்னால் போட்டேன். சிரித்தான். நானும் சிரித்துவிட்டு டீ சொன்னேன்.

ஜனவரி கடைசியில் அதே காலில் கட்டைவிரல் புண்ணாகிவிட்டது. ஏதோ கண்ணாடித் துண்டு. குத்தியதே அவனுக்குத் தெரியவில்லை. நாற்றம் வந்து நீரஜாதான் பார்த்தாள். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். புண் எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கிறது, இந்த வாரத்துக்குள் விரலை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும்.

மார்லிக்கும் கால் கட்டைவிரலில்தான் ஆரம்பித்தது. அவருக்குப் புற்றுநோய். விரலை எடுத்துவிடச் சொன்னார்கள். உடம்பில் கத்தி வைக்க அவர் மத நம்பிக்கை இடம்கொடுக்கவில்லை என்பார்கள். நகத்தையும் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்தார்கள். நாலு வருடத்தில், முப்பத்தாறு வயதில் செத்துப்போனார். இந்தக் கதையை வத்சனுக்கு முதலில் சொன்னவன் நான். ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, கடை வாசலில் நின்று, சண்டைப்படக் கதை சொல்வதுபோலச் சொன்னேன். "வெட்டவே வுடல மச்சி. இன்னா கெத்து!" அப்போது எங்களுக்கு இருபத்தைந்து வயது. அந்த வயதில் சாவுகூடக் கெத்தாகத்தான் தெரிந்தது.

டாக்டரைப் பார்த்த மறுநாள் ஒத்திகைக்கு வந்தான் வத்சன். காலில் கட்டு.

"விரலை எடுக்கணும்ங்கறாடா. அவர் எடுத்துக்கலையே, நான் மட்டும் எதுக்கு? ஆறாம் தேதி கழியட்டும், அப்புறம் மருந்து மாத்திரைன்னு பாத்துக்கலாம்" என்றான். சொல்லிவிட்டு என்னையே பார்த்தான்.

பாஸ் கிதார் வாசிக்கும் பொன்னுரங்கமும் என்னைப் பார்த்தான். நான் டிரம்ஸில் சிம்பல் தட்டின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருடமாகச் சின்னச் சின்ன காபி கடைகளில் வாசித்தவர்களுக்கு அந்த வருடம்தான் முதல்முறையாகக் கடற்கரைப் பக்கம் பெரிய மேடை கிடைத்திருந்தது. வத்சன் இல்லாமல் அது நடக்காது. இடையில் எட்டே நாள்.

"சரி, அடுத்த பாட்டு எடு" என்றேன்.

மறுநாள் காலை நீரஜா கடைக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் எங்கள் கடைப் படி ஏறியதில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"உமர் அண்ணா, அவர் நான் சொன்னா கேக்க மாட்டார். உனக்கென்ன தெரியும்பார். மார்லி பண்ணது முட்டாள்தனம்னு நீங்க சொல்லணும். நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

"நான் பேசறேன்மா. நீ கவலப்படாத."

பேசவில்லை. போன் செய்தேன், ஆனால் எந்தப் பாட்டை முதலில் வைக்கலாம் என்று கேட்டேன். மனதார ஒத்துக்கொள்கிறேன், எனக்கு அந்த மேடை வேண்டியிருந்தது. எட்டு நாள்தானே, ஒரு விரல்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து நீரஜா போன் பண்ணினாள்.

"பேசினேளா அண்ணா?"

"பேசினேன்மா. கேக்க மாட்டேன்றான்."

எச்சில் விழுங்குவதுபோல அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். "நீங்க சொல்லியே கேக்கலைன்னா, நான் என்ன பண்றது" என்றாள். அதற்குப் பிறகு அவள் அவனோடு வாதாடுவதையே விட்டுவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது.

ஆறாம் தேதி கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். கூட்டம் வேளாங்கண்ணி கோயில் பக்கம் வரைக்கும் நின்றது. முப்பது வருடமாக அவன் பாடிக் கேட்கிறேன், அப்படி ஒருநாளும் பாடியதில்லை. கால் அழுகிக்கொண்டிருப்பவனின் குரலில் அவ்வளவு தெளிவு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஒன்பதாம் தேதி குளிர்ஜுரம் வந்தது. பதினோராம் தேதி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு. ஒரு வாரம் கழித்துத்தான் போனேன். போர்வை இடது பக்கம் மேடாக இருந்தது, வலது பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீரஜா பிளாஸ்கிலிருந்து டம்ளரில் காபி ஊற்ற ஆரம்பித்தாள்.

"ஷோ எப்படிடா இருந்தது?" என்றான் வத்சன்.

"சூப்பர் மச்சி. இன்னும் பேசிக்கினு கீறாங்க."

தலையாட்டினான். அப்புறம் டிக்கெட் விவரம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான்.

"அன்னிக்கு ஒத்திகையில உன் மூஞ்சியையே பாத்துண்டிருந்தேன் தெரியுமோ? எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பயம். 'போய் வெட்டிண்டு வாடா முட்டாள்'னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நேரா டாக்டர்கிட்ட போயிருப்பேன். நீ ஒண்ணும் சொல்லலை. அப்புறமும் சொல்லலை. சரி, உமரே சொல்லலைன்னா அவ்வளவு பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லை போலிருக்குன்னு விட்டுட்டேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. நீரஜாவின் கை நின்றது.

"அப்புறமும் சொல்லலையா?" என்று அவனைத்தான் கேட்டாள்.

"இல்லையே. பாட்டு வரிசை கேக்கத்தான் போன் பண்ணினான்."

அவள் என்னைப் பார்த்தாள். நாலு பேர் கேட்கக் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதிக் காபியையும் ஊற்றி, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல முதலில் என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வரவேண்டிய நேரம் என்று எனக்குத் தெரிந்தது. வரவில்லை. நெஞ்சில் ஒன்றுமே இல்லை.

"ஆத்துக்குப் போனப்புறம் இவர் வரவேண்டாம்" என்றாள் அவனிடம், மெதுவாக.

"யாரு, உமரா? ஏன், என்ன ஆச்சு?"

பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்பதுபோல அவள் பிளாஸ்கை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். வத்சன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரை எங்கே வைப்பது என்று பார்த்தேன்.