கடைசிப் பட்டையுடன் அடையாறுக்கு

கடந்த செவ்வாய்க்கிழமை மயிலாப்பூரிலிருந்து அடையாறில் உள்ள ஒரு தனியார் சோதனைக்கூடத்துக்குப் போனேன். கையில் எனாமல் பூசிய இரும்புப் பட்டை ஒன்று. பூசியவன் என் மைத்துனன் தனபால். இழுத்துப் பார்த்தால் பூச்சில் விரிசல் விழுகிறது என்று ஒரு தொழிற்சாலை அவன் சரக்கை ஒதுக்கிவிட்டது. விரிசல் வேறு, உரிதல் வேறு என்று எவ்வளவோ சொன்னேன். என்னைப் போல் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

புத்தகம் பார்த்து நானே போட்ட கணக்கு இது. இரும்பு நீளும், கண்ணாடி போன்ற பூச்சு நீளாது, குறுக்கே வெடிக்கும். பிடிமானம் பலமாக இருந்தால் இரும்பு அந்தத் துண்டுகளையும் இழுத்து மேலும் சிறிதாக உடைக்கும். ஒரு கட்டத்தில் புது விரிசல் நின்றுவிடும். அப்போது துண்டின் நீளத்தை அளந்தால் பிடிமானத்தின் பலம் தெரியும். நெருக்கமான விரிசல், நல்ல பிடிமானம்.

அந்த எண் வந்தால் தொழிற்சாலை மறுபடி பார்க்கும் என்று நம்பினோம். சரக்கு போகாததால், பூச்சைச் சுடும் உலையைப் பிரித்து விற்க முடிவு செய்திருந்தான் தனபால்; மறுநாள் ஆள் வருவதாக இருந்தது. எண் வந்தால் பிரிப்பதை நிறுத்திவிடுகிறேன் என்றான். உலைக்கான காஸ் இணைப்பை ஏற்கெனவே துண்டித்தாகிவிட்டது. இன்னொரு பட்டை பூச வழியில்லை.

லஸ் முனையில் ஆட்டோ. நூற்றிருபது ரூபாய், இருபது நிமிடம்.

"இன்னா பெர்சு, கட்டிப் புட்ச்சிகினு வர்ற? தங்கமா?" என்றார் ஓட்டுநர்.

"இரும்புத் தகடுப்பா."

"தகடா? எனக்குத்தான் எவனோ வெச்சுகீறான். காலைலேந்து சவாரியே இல்ல."

கூடத்தில் பொறியாளர் கவிதா பட்டையை இயந்திரத்தில் பூட்டி, உருப்பெருக்கியைத் திரையோடு இணைத்தார். இழுவை ஏறியது. முதல் விரிசல் ஓடியது, பக்கத்தில் இன்னொன்று. இத்தனை காலம் வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த பட்டை.

"போதும், நிறுத்தும்மா!"

"சார், இனிமேதான் விஷயமே. உங்க கணக்கே இதைத்தானே கேக்குது?"

"உரியலன்னு நான் இப்பவே காட்டறேன்."

அவர் தடுப்பதற்குள் கழற்றி எடுத்து, பட்டறை வழக்கப்படி கட்டைவிரலை அழுத்தி வளைத்தேன். பட்டென்று பூச்சு எகிறியது. வளைவின் உட்பக்கம் நெருக்கப்பட்டால் அப்படித்தான் எகிறும். அது வேறு சோதனை. என் கணக்கு தவறில்லை, இன்றும் சொல்வேன். ஆனால் மடங்கிய பட்டையை மறுபடி இழுத்து எண் எடுக்க முடியாது.

அங்கிருந்து பேருந்தில் சைதாப்பேட்டை, தனபாலின் பட்டறைக்கு. அவன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"இன்னா மாமா, தாங்குச்சா?"

"நம்பர் வரல. பாதியில எடுத்து வளைச்சிட்டேன்."

துணியைப் பிரித்து, சில்லுகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தான்.

"தொழிற்சாலைக்காரனுக்கு பயந்தேன். உன் கட்டவெரலுக்கு பயப்படணும்னு தோணல மாமா."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மறுநாள் உலையைப் பிரித்துவிட்டார்கள்.

இதே வேலைக்குப் போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மதியத்துக்குமேல் கூட்டம். ஒன்றுக்கு மூன்றாகப் பட்டை கொண்டு போங்கள். விரிசல் விழுவது நின்றபிறகே இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அது உடைவதைப் பார்க்கத் தாங்காதென்றால் வெளியே பெஞ்சு இருக்கிறது, அங்கே உட்காருங்கள். நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.