நெசமா, அரிசியா?

புழுங்கலரிசி உடம்புச் சூட்டில் வியர்த்தால் ஒரு வாசனை வரும். ஈரச் சாக்கும் பூசுமஞ்சளும் கலந்தாற்போல... எழுபதுகளில் பொள்ளாச்சியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸில் ஏறினால், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் மூக்கில் ஏறுவது அதுதான்.

எங்கள் ஊர் என்றால் நான் வாக்கப்பட்ட ஊர். பெருமாட்டிக்குப் பக்கம், ஆற்றங்கரை. அந்தக் கரை தமிழ்நாடு, இந்தக் கரை கேரளா. இரண்டு கரையிலும் ஒரே பேச்சு, ஒரே சொந்தபந்தம். அரிசிக்கு மட்டும் பாலம் தாண்ட அனுமதி கிடையாது. பாலத்து முனையில் செக்போஸ்ட்.

அனுமதி இல்லையென்று சோறு தின்னாமல் இருக்க முடியுமா? பெண்கள் துணிப்பை தைத்து, அரிசியை நிரப்பி, வயிற்றில் நாடா போட்டுக் கட்டி, மேலே சேலையைச் சுற்றிவிடுவார்கள். பஸ்ஸில் பாதிப் பேர் நிறைமாதம்! விஷயம் தெரியாத வெளியூர் ஆம்பிளைகள் பாவப்பட்டு எழுந்து இடம் வேறு கொடுப்பார்கள்.

இதனால் என்ன ஆனதென்றால், எங்கள் ஊரில் எந்த வயிற்றையும் யாரும் நம்புவதில்லை. நான் முழுகாமல் இருக்கிறேன் என்று பக்கத்து வீட்டு மயிலாத்தாக்காவிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நெசமா கண்ணு? இல்ல, அரிசி கட்டறதுக்கு இப்பவே சொல்லி வெக்கறயா?" என்றாள்.

வாந்தி தாங்காமல் மூன்றாம் மாதமே பொள்ளாச்சிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். ஏழாம் மாதம் வளைகாப்புக்குத் திரும்பி வர வேண்டும். தட்டை வயிற்றோடு போனவள் இப்படி வந்து இறங்கினால் ஊர் என்ன நினைக்கும் என்ற பயம் ஒரு பக்கம்...

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கிளம்பிய அன்று காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை.

முந்தின நாள்வரை உள்ளே ஒரே ஆட்டம். அன்றைக்கு ஒன்றுமே இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அழுது தெருவைக் கூட்டிவிடுவாள். வீட்டுக்காரர் ஸ்டாப்பில் நிற்பார், இறங்கியதும் நேராக எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் மயிலாத்தாக்கா இருந்தாள். அவளும் 'நிறைமாதம்'தான். பஸ் ஏற்றிவிட வந்த அப்பாவுக்கு அவளைப் பார்த்ததும் நிம்மதி.

"அம்முணி, எம்புள்ளையப் பாத்துக் கூட்டீட்டுப் போயிருங்க."

"அதுக்கென்னுங்க, எந்தங்கச்சி மாதர."

பஸ் நகர்ந்ததும் தங்கச்சியின் காதில் கேட்டாள், "எத்தன படி கண்ணு?"

"அக்கா, இது நெசமாலுமே..."

"எங்கிட்டயே மறைக்கறயா? ஆகட்டு, ஆகட்டு." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் வழி நெடுக ஓரக்கண்ணால் என் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். பின் சீட்டிலும் குசுகுசுவென்று பேச்சு.

செக்போஸ்ட்டில் சோதனை போட ஒரு மலையாளத்து அம்மா உண்டு. ஊர் அவளுக்கு வைத்த பேர் தொட்டுப்பாக்கி. அவள் பஸ்ஸில் ஏறியதும் எல்லாப் பெண்களுக்கும் ஜன்னலுக்கு வெளியே அவசர வேலை வந்துவிட்டது. அவள் கண் மயிலாத்தாக்காவிடம் வந்து நின்றது. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? மோவாயால் என்னைக் காட்டினாள்.

"இந்தப் புள்ளையப் பாருங்கம்மா. போறப்ப வயிறே இல்லீங்க."

அடிப்பாவி! தங்கச்சி மாதிரியாம்!

என்னை இறக்கி, தட்டி மறைப்புக்குப் பின்னால் கூட்டிப் போனாள் தொட்டுப்பாக்கி.

"எத்ர மாசம்?"

"ஏழுங்க."

"எல்லாரும் ஏழுன்னு தன்னே பறயும்."

அவள் விரல்கள் என் இடுப்பைச் சுற்றி நாடாவைத் தேடின. இல்லை. அப்படியும் சந்தேகம் தீராமல், அரிசி நறநறக்கிறதா என்று பார்ப்பதுபோல் உள்ளங்கையை வயிற்றில் வைத்தாள். நான் கூச்சல் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கை பட்டதும் காலையிலிருந்து அடக்கி வைத்தது அப்படியே உடைந்துவிட்டது.

"நல்லாப் பாருங்கம்மா... காலைல இருந்து அசையவே இல்லீங்க..."

அவள் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார வைத்தாள், தன் கூஜாவிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். பிறகு இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்தபடி எதிரே குத்தவைத்துவிட்டாள். வெளியே டிரைவர் ஹாரன் அடிக்கிறார், யாரோ கத்துகிறார்கள். "மிண்டாதிரி," என்றாள், பேசாமல் இரு என்று.

எவ்வளவு நேரமோ...

"சவிட்டி!" என்று கத்தினாள். "குட்டி சவிட்டி!"

உதைத்தது! எனக்கும் தெரிந்தது. முன்பின் தெரியாத அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் களேபரத்தில் அன்றைக்கு பஸ்ஸை யாரும் சோதிக்கவே இல்லை, அத்தனை அரிசியும் பாலம் தாண்டிவிட்டது.

சித்தூர் டாக்டரும் ஒன்றும் பயமில்லை என்றார். சாயங்காலம் மயிலாத்தாக்கா முறத்தில் அரிசியோடு வந்து நின்றாள்.

"கஞ்சி வெச்சுக் குடி கண்ணு. நெசமுன்னு தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்திருப்பனா?"

ரொம்ப நாள் அவளோடு நான் பேசவில்லை. அரிசியைத் திருப்பியும் கொடுக்கவில்லை.

பிறந்த மகளுக்கு நாங்கள் என்னென்னவோ பேர் யோசித்து வைத்தோம். ஊருக்கு அவள் இன்றைக்கும் 'அரிசி'தான்.

இப்போது பாலத்தில் மூட்டை மூட்டையாக அரிசி போகிறது, பஸ்ஸை நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்க்க யாரும் இல்லை. போன வாரம் அரிசியின் மகள் பெங்களூரிலிருந்து வாட்ஸப்பில் ஸ்கேன் வீடியோ அனுப்பியிருந்தாள். கறுப்பு வெள்ளையில் என்னவோ துடிக்கிறது. "பாத்தீங்களா அம்மாச்சி, எல்லாம் நார்மலாம்!" குரூப்பில் ஆளாளுக்கு இதயம் போட்டார்கள்.

நான் மட்டும் எழுதினேன்:

"சரி கண்ணு. இருந்தாலும் ஒருக்கா நேர்ல வா. கை வெச்சுப் பாத்தாத்தான் நான் நம்புவேன்."