வழி விடும் தாராக்கள்

போன கிழமை எங்கள் வீட்டுத் தாராக்கள் ஒருவருக்கு வழி விட்டன.

வழியில் யாரும் இல்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் பின்வளவு பெரிதில்லை. ஒரு கேட். கேட்டிலிருந்து, சமைக்கிற குசினி வாசல் வரை சிமெந்து. மிச்சம் மண். அந்த மண்ணில் நாலு தாரா வளர்க்கிறேன். வாத்து என்றாலும் அதுதான். ஆண் ஒன்று, பெட்டை மூன்று.

என் மனைவி ரெஜினாவுக்குத் தூரத்து உறவு பிலோமினா அக்கா. முகத்துவாரத்தில் இருக்கிறார். அவருடைய கணவர் அந்தோனி அண்ணன் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. போட் வந்தது. ஆள் வரவில்லை. அக்கா இன்னும் கறுப்பு உடுக்கவில்லை.

அந்த வீட்டில் இரண்டு பெட்டைத் தாரா. வெயில் ஏறும் நேரம் அண்ணன் கரையிலிருந்து வருவார். மீன் குடலை ஒரு பேசினில், அகலப் பாத்திரத்தில், போடுவார். அவர் வரவைக் கண்டதும் இரண்டும் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடும். அவர் போன பிறகும் ஓடின. நாள் தவறாமல். அக்காவும் நாள் தவறாமல் எழும்பி வாசலைப் பார்த்தார்.

"அதுக பொய் சொல்லுதுக தம்பி," என்றார். "என்னால ஏலாது. நீங்க கொண்டு போங்க. வெட்ட மட்டும் வேணாம்."

சரி என்றேன்.

நான் த்ரீவீலில் ஏறும்போது ஒரு நீலப் பேசினையும் என் மடியில் வைத்தார். அண்ணன் குடல் போடும் பேசின். இடம் மாறுகிற உயிரோடு வீட்டுப் பொருள் ஒன்றும் போகவேண்டுமாம். அப்போதுதான் புது இடத்தில் தரிக்குமாம். அவர்கள் வழக்கம். நான் மறுக்கவில்லை.

புதுத் தாராவை உடனே பழைய கூட்டத்தில் விடக்கூடாது. நடுவில் கம்பி நெட் அடிக்க வேண்டும். ஒன்றை ஒன்று பார்க்கட்டும், மணக்கட்டும். பிறகு திறக்கலாம். அப்படித்தான் செய்தேன். திறந்த அன்றே என் ஆண் தாரா, புதியதில் ஒன்றின் கழுத்தைக் கவ்வியது. இறகு பறந்தது. இரத்தம். பெட்டைகளும் சேர்ந்து கொத்தின.

பக்கத்து வீட்டு பரீத் நானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, புது மருமகளுக்கு மாமிமார் அடியா?"

"மாமாவும்தான் நானா."

திரும்ப நெட்டுக்குள் விட்டேன். இன்னொரு தடவை கவ்வினால் கழுத்து தாங்காது. அக்காவுக்கு என்ன சொல்வது?

அந்தப் பேசின் ஞாபகம் வந்தது. பழகின பொருளைக் கண்டால் தைரியம் வரும் என்று நினைத்தேன். குசினி வாசலில், கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன்.

அதுதான் நான் செய்த வேலை.

அடுத்த நாள், வெயில் ஏறும் நேரம். நெட்டுக்குள் இருந்த இரண்டும் தலையைத் தூக்கின. கேட்டைப் பார்த்துக் கத்தின. பழைய நாலும் தீன் தின்பதை நிறுத்தின. அவையும் பார்த்தன. கேட் பூட்டித்தான் இருந்தது.

அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நெட்டை எடுத்துவிட்டேன். சண்டை இல்லை. ஆறும் ஒன்றாகக் கேட்டடிக்கு ஓடின. கத்தின. பிறகு சத்தம் நின்றது. சிமெந்துக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. நடுவில் ஒரு ஆள் வருகிற அளவு இடம்.

ஆறு தலையும் ஒன்றாகத் திரும்பின. மெதுவாக. கேட்டிலிருந்து குசினி வாசல் வரை. களைத்த ஆள் ஒருவர் நடக்கிற வேகம்…

பிறகு பேசினைச் சுற்றி நின்று வாலை ஆட்டின. பேசின் காய்ந்து கிடந்தது.

குசினி வாசலில் அரிசி கழுவிய தண்ணீரோடு ரெஜினா நின்றாள். அவள் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாள்.

"நீ ஏன் ஒதுங்கின?"

"வழியில நிக்க ஏலுமா?" என்றாள். பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சட்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் பேசினை எடுங்க. இப்பவே எடுங்க."

எடுத்துக் கூரையில் போட்டேன். அடுத்த நாளும் வழி விட்டன. பேசின் இருந்த இடத்தைச் சுற்றி நின்றன.

புதிதாக வருவதை நாங்கள் பழக்குகிறோம் என்று நினைக்கிறோம். வீட்டுக்கு மருமகள் வந்தாலும் சரி, வளவுக்குத் தாரா வந்தாலும் சரி. யார் யாரைப் பழக்குவது? என் நாலும் அந்தோனி அண்ணனைக் கண்டதே இல்லை.

நேற்று அக்கா போன் எடுத்தார். வெயில் ஏறும் நேரம்தான்.

"தம்பி, அடிபடுதுகளா?"

"இல்ல அக்கா. ஒத்துப்போச்சு."

"இப்பவும் வாசலுக்கு ஓடுதுகளா?"

அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். "இல்ல அக்கா. அதெல்லாம் மறந்துட்டுதுக."



"அப்ப…" என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "அங்கயும் அவர் வரல்லயா தம்பி?"

பின்வளவில் ஆறும் கத்தத் தொடங்கின. ரெஜினா என்னைப் பார்த்தாள். வாசலை விட்டு ஒதுங்கினாள்.

நான் போனைக் கேட் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.